புலத்தி நகரின் இடிபாடுகளிடையே

பொலன்னறுவை இராச்சியம் வீழ்ந்ததற்குக் காரணம் யாது? எங்கள் பாடசாலையின் தவணைப் பரீட்சையில் இவ்வினா ஏதாவது ஓர் உருவில் இடம்பெறாத ஆண்டு அரிது. அதற்கு மாணாக்கர் எழுதும் விடையும் ஆண்டுதோறும் ஒன்றே. 1215ஆம் ஆண்டிலே கலிங்க மாகன் படையெடுத்து வந்தான், விகாரைகளை இடித்தான், குளங்களைப் பாழாக்கினான், நகரம் அழிந்தது. விடை சுருக்கமானது, மனனஞ் செய்ய எளியது, புள்ளியும் கிடைப்பது. அதனை அவர்களுக்குச் சொல்லிக்கொடுத்தவன் நானே. பல்கலைக்கழகத்தில் தமிழைச் சிறப்புப் பாடமாகப் பயின்று, ஆசிரியர் பற்றாக்குறையாற் சரித்திரத்தையும் கற்பிக்க நேர்ந்தவன் நான். எனக்குச் சொல்லித்தந்ததை நான் சொன்னேன். நான் சொன்னதை அவர்கள் எழுதினார்கள். அந்நகரத்தை மாணாக்கருடன் சென்று பார்க்கும் வரையில் இவ்விடையின் குறை எனக்கு உறுத்தவில்லை.

பெரும்போக அறுவடை முடிந்திருந்த ஒரு நாளில், விடியுமுன் கல்முனையிலிருந்து பஸ் வண்டியிற் புறப்பட்டோம். என்னுடன் வந்த மாணாக்கர் கல்முனை, மருதமுனை, சாய்ந்தமருது, நற்பிட்டிமுனை ஆகிய ஊர்களைச் சேர்ந்தோர். அவர்களுடைய தந்தையருட் சிலர் கரைவலை இழுப்போர். சிலர் தறியில் நெய்வோர். பலர் போடிமாரின் வயல்களிற் குத்தகைக்கும் கூலிக்கும் உழைப்போர். மட்டக்களப்பையும் வாழைச்சேனையையும் கடந்து வெலிக்கந்தைப் பக்கம் வண்டி திரும்பியதும் பிள்ளைகளின் பாட்டும் கைதட்டலும் ஓங்கின. நான் மட்டும் மௌனமாயிருந்தேன். 1992ஆம் ஆண்டு ஏப்ரல் மாதத்தில் இந்தப் பொலன்னறுவை மாவட்டத்தின் எல்லைக் கிராமங்களிலே, அழிஞ்சிப்பொத்தானையில் முஸ்லிம்களும், அதற்கு மறுமொழியாக முத்துக்கல்லிலும் கரபொலவிலும் தமிழரும் கொல்லப்பட்டார்கள். இந்தப் பிள்ளைகள் அப்போது பிறந்திருக்கவில்லை. மகாவலி கங்கையை மன்னம்பிட்டியிற் கடந்தபோது அவர்கள் ஆற்றைக் கண்டு ஆரவாரித்தார்கள். ஆறு எல்லோருக்கும் பொதுவாகத்தான் ஓடிக்கொண்டிருந்தது.

நகரத்துக்குள் நுழைவோர் முதலிற் காண்பது இடிபாடுகளை அன்று, நீரை. பராக்கிரம சமுத்திரத்தின் அணைக்கட்டு ஏறத்தாழ 14 கிலோமீற்றர் நீளமானது; சராசரி உயரம் 40 அடி. அம்பன் கங்கையிலிருந்து அங்கமெடில்லக் கால்வாய் வழியே நீர் வந்து நிரம்புகிறது. அணையின்மேல் நின்று பார்த்தால் மறுகரை மலைகளின் அடிவாரத்தில் மங்கலாகத் தெரிகிறது. வயல் வேலையறிந்த ஒரு மாணவன் அணையின் சரிவை அளந்து பார்ப்பவன்போல் மேலும் கீழும் நோக்கிவிட்டு, “இவ்வளவு மண்ணையும் ஆர் சேர் சுமந்த?” என்று கேட்டான். அருகில் நின்ற இன்னொருவன் அதைவிடக் கூரிய வினாவைத் தொடுத்தான்: “இஞ்ச நம்மட ஆக்கள் கட்டின ஏதும் இரிக்கா சேர்?”

இரண்டாம் வினாவுக்கு உடனே விடை சொல்ல எனக்கு நா எழவில்லை. இவ்வினாவை அந்தப் பையன் தானாகக் கேட்கவில்லை என்பதை நான் அறிவேன். எந்த இடிபாட்டைக் கண்டாலும் ‘இது யாருடையது’ என்று கேட்கும்படி இந்நாடு தன் பிள்ளைகளைப் பழக்கிவைத்திருக்கிறது. சிங்களப் பிள்ளை ‘இது எங்களுடையது’ என்று சொல்லப் பழகுகிறது. தமிழ்ப் பிள்ளை சிவாலயத்தைத் தேடிச் சென்று ‘இது எங்களுடையது’ என்கிறது. முஸ்லிம் பிள்ளை தனக்கென்று ஒரு கல்லும் இல்லையோ என ஏங்குகிறது. “சுற்றிப் பார்ப்போம், பின்பு நீயே சொல்” என்று கூறி அவனை அழைத்துச் சென்றேன்.

தளதா மளுவ எனப்படும் உயர்ந்த முற்றத்திலே, புத்தரது தந்ததாதுவை வைப்பதற்கு முதலாம் விஜயபாகு கட்டுவித்த கோயிலின் அருகில், ஒரு கற்பலகை நிற்கிறது. அதில் உள்ள எழுத்துத் தமிழ். மாணவப் பருவத்தில் கல்வெட்டுப் பாடத்தில் அச்சுப் பிரதியாக நான் படித்த வேளைக்காரர் சாசனம் அது. 12ஆம் நூற்றாண்டின் முற்பகுதியில், விஜயபாகு இறந்தபின், வேளைக்காரப் படையினர் அத்தந்ததாதுக் கோயிலைத் தம் காவலில் ஏற்றுக்கொண்டதை அது கூறுகிறது. அவர்கள் வலங்கை, இடங்கை, வடுகர், மலையாளர் எனப் பல பிரிவினர். வலஞ்சியர், நகரத்தார் என்ற வணிகக் கூட்டத்தாரையும் அழைத்துக் கூடிப் பேசியே அப்பொறுப்பை ஏற்றார்கள். அவர்களிடம் அதனை வேண்டியவர்களோ பௌத்த சங்கத்தார். அரசகுருவாகிய முகலன் மாதேரர் அவர்களுக்கு முன்னின்றார். தென்னிந்தியப் படைவீரர் தம்முள் ஒருவன் உயிரோடு இருக்கும் வரையிற் காப்போம் என்று தமிழிலே உறுதிசெய்தது, இன்று சிங்கள பௌத்தத்தின் உயிர்நிலையாகப் போற்றப்படும் அந்தத் தந்ததாதுவை!

இவ்வீரரை உத்தமராக்கிக் காட்டுவது என் நோக்கமன்று. அவர்கள் கூலிப்படையினர். சோழர்மேற் படையெடுக்க விஜயபாகு ஏவியபோது மறுத்துக் கலகஞ் செய்து அரண்மனையை எரித்தவர்களும் வேளைக்காரரே. அக்கலகத்தின் தலைவரை அவன் கொடுமையாகத் தண்டித்தான். ஊதியமும் நிலமும் எங்கே கிடைத்தனவோ அங்கே அவர்களது வாள் இருந்தது. ஆயினும் அந்தக் காலத்து மனிதர் இன்று நாம் பிரித்துவைத்திருக்கும் பெட்டிகளுக்குள் அடங்கியிருக்கவில்லை என்பதற்கு அக்கல் போதிய சாட்சி.

சாசனத்தில் அக்கோயிலுக்குச் சூட்டப்பட்டிருக்கும் பெயரை நான் வாசித்துக் காட்டினேன்: மூன்றுகைத் திருவேளைக்காரன் தளதாய்ப் பெரும்பள்ளி. கேள்வி கேட்ட பையன் தலையை நிமிர்த்தினான். “பள்ளியா சேர்?” என்றான். எங்கள் பகுதியிலே பள்ளி என்றால் தொழும் இடம். பெரிய பள்ளி என்றால் ஊரின் தலைமைப் பள்ளிவாசல். அச்சொல்லின் சரித்திரத்தை அங்கே நின்று சொன்னேன். பழந்தமிழில் சமண, பௌத்த முனிவர் தங்கிய இடம் பள்ளி. அவர்கள் பிள்ளைகளுக்கு எழுத்தறிவித்ததனாற் கற்குமிடமும் பள்ளியாயிற்று. பின்பு தமிழ் பேசும் முஸ்லிம்கள் தம் தொழுகையிடத்துக்கும் அதே சொல்லைச் சூட்டிக்கொண்டார்கள். பௌத்தனுடைய கோயிலும், நாம் படிக்கும் பாடசாலையும், நாம் தொழும் இடமும் ஒரே சொல்லின் கீழ் நிற்கின்றன. பையன் ஒன்றும் பேசவில்லை. கற்பலகையை மட்டும் ஒருமுறை தொட்டுப் பார்த்தான்.

அங்கிருந்து சிவாலயத்துக்குச் சென்றோம். தொல்பொருளாளர் இரண்டாம் சிவதேவாலயம் என்று எண்ணிட்டிருக்கும் அக்கோயிலின் உண்மைப் பெயர் வானவன் மாதேவி ஈசுவரம். முதலாம் இராசராசனின் தேவியும் முதலாம் இராசேந்திரனின் தாயுமான அரசியின் பெயரால் எழுந்தது. செங்கற் கட்டடங்கள் மிகுந்த அந்நகரில் இச்சிறு கற்கோயில் விமானத்தோடு இன்றும் நிமிர்ந்து நிற்கிறது. சோழர் 993ஆம் ஆண்டளவில் வடபகுதியைக் கைப்பற்றி, 1017இல் ஐந்தாம் மகிந்தனைச் சிறைகொண்டு, பொலன்னறுவையைச் சனநாதமங்கலம் என்று பெயரிட்டு 1070 வரை ஆண்டார்கள். இதனைக் கண்டு பெருமைப்படும் தமிழன்பர்களுக்கு ஒரு செய்தி. இராசராசன் தஞ்சைப் பெருங்கோயிலின் செலவுக்கு ஈழத்து ஊர்கள் சிலவற்றை எழுதிவைத்தான். அவ்வூர்களின் நெல்லும் எண்ணெயும் பணமும் கடல் கடந்து தஞ்சைக்குச் செல்ல வேண்டியிருந்தது. பெயர் ‘சனநாதன்’ என்பது. சனங்களுக்கு மிஞ்சியதோ வரிச்சுமை. சோழனை விரட்டிய விஜயபாகுவும் நகருக்குத் தன் பெயரைச் சூட்டி விஜயராசபுரம் ஆக்கினான். வயலில் நின்றவனுக்கு நகரின் பெயர் மாறிற்று. நெல்லளக்கும் மரக்கால் மாறவில்லை.

இது என்னுடைய ஊகமன்று என்பதை நிரூபிக்க அந்நகரிலே மற்றொரு கல் இருக்கிறது. நிசங்கமல்லன் (1187–1196) பொறிப்பித்த கல்பொத்த எனும் ‘கற்புத்தகம்’ அது. 25 தொன் எடையுள்ளது. ஏறத்தாழ 27 அடி நீளம். 100 கிலோமீற்றர் அளவுக்கு அப்பாலுள்ள மிகிந்தலையிலிருந்து இதனை இழுத்து வந்ததாகக் கல்லிலேயே பெருமையோடு எழுதப்பட்டிருக்கிறது. இழுத்தவர்களின் பெயர் எழுதப்படவில்லை. ஆனால் அரசன் தன்னைப் புகழ்வதற்காக எழுதுவித்த அந்தக் கல் அறியாமலே ஓர் உண்மையைக் கக்கிவிடுகிறது. முன்னைய அரசர் விதித்த கடும் வரிகளால் நலிந்துபோன குடிகளுக்கு ஐந்தாண்டு வரியை நீக்கியதாக அவன் சொல்கிறான். யார் அந்த முன்னைய அரசர்? அவனுக்குச் சற்று முன்பு முப்பத்து மூன்று ஆண்டுகள் ஆண்டவன் மகா பராக்கிரமபாகு (1153–1186)! நம் பாடங்களிலே பொற்காலத்தின் சிகரமாகக் காட்டப்படுபவன்.

குடிகளுக்கு இரங்கிய இந்த நிசங்கமல்லனும் உழவரை எங்கே நிறுத்தினான் என்று பார்க்க வேண்டும். உழவர் குலத்தார் அரசுரிமையை விரும்புவது, காகம் அன்னமாக ஆசைப்படுவதை ஒக்கும் என்ற கருத்தைக் கல்லிலே வெட்டுவித்தவன் அவன். வாவிக் கரையிலுள்ள அவனது மந்திராலோசனை மண்டபத்தின் தூண்களில் யார் யார் எங்கே அமர்வது என்று பொறிக்கப்பட்டிருக்கிறது. இளவரசனுக்கு ஓரிடம்; சேனாபதிக்கு ஓரிடம்; பிரதானிகளுக்கும் கணக்கருக்கும் மாகாணத் தலைவர்க்கும் இடம்; வணிகருக்கும் இடம். மாணாக்கர் தூண் தூணாகச் சென்று பார்த்தார்கள். குளம் வெட்டியவனுக்கும் நெல் விளைவித்தவனுக்கும் அங்கே ஒரு தூண் இல்லை.

பராக்கிரமபாகுவின் சாதனையைக் குறைத்துப் பேசுவது அறியாமையாகும். அவன் காலத்தில் அமைத்தனவும் திருத்தினவுமாக 165 அணைகள், 3910 கால்வாய்கள், 163 பெருங்குளங்கள், 2376 சிறு குளங்கள் எனச் சூளவம்சம் கணக்குத் தருகிறது. புகழ்ச்சிக்காகச் சிறிது கழித்துக்கொண்டாலும் அது மனித ஆற்றலின் மாபெரும் வெற்றியே. மழைநீர் வீணே கடலிற் சேரலாகாது என்ற அவனது எண்ணம் எல்லாப் பிள்ளைகளுக்கும் பாடம். ஆனால் சூளவம்சம் பாடுவது எண்ணியவனை. மண் சுமந்தவனை அன்று. அரசனுக்கு ஊழியஞ் செய்வது நிலம் வைத்திருந்தவனின் கடமை. இராசகாரியம் என்ற பெயரில் அக்கட்டாய ஊழியம் பிற்கால அரசுகளிலும் தொடர்ந்து, வெள்ளையர் ஆட்சியிலும் நிலைத்து, 1832ஆம் ஆண்டிலேதான் சட்டப்படி ஒழிந்தது.

மண் சுமந்தோரின் சுவடு அந்நகரில் ஓரிடத்தில் மட்டும் பெயராக எஞ்சியிருக்கிறது. கல் விகாரையிலே ஒரே பாறையிற் செதுக்கிய புத்தர் உருவங்களை, 46 அடி நீளத்திற் சயனித்திருக்கும் அந்தப் பேரமைதியைக் கண்டு திரும்பும் பயணிகள் பெரும்பாலும் அதற்கு வடக்கே போவதில்லை. நாங்கள் போனோம். அங்கே மரஞ்செடிகள் மூடிய ஒரு குன்று இருக்கிறது. அது குன்றன்று, பராக்கிரமபாகு தொடங்கிய ஒரு மாபெருந் தூபியின் முற்றுப்பெறாத உடல். பெயர் தெமள மகா சேய, அதாவது தமிழ்த் தூபி. பாண்டி நாட்டுப் போரிற் சிறைபிடித்துக் கொண்டுவரப்பட்ட தமிழரைக்கொண்டு கட்டியதால் அப்பெயர் பெற்றது என்று சூளவம்சமே கூறுகிறது. இவ்வாறு பாண்டியரோடு போர் செய்த பராக்கிரமபாகுவின் தந்தைவழிப் பாட்டன் ஒரு பாண்டிய இளவரசன்! அரச குலங்கள் தமக்குள் பெண் கொடுத்தும் கொண்டும் உறவாடின. சிறைப்பட்ட உழவனும் உள்ளூர் உழவனும் செங்கல் சுமந்தார்கள். அணைக்கட்டில் அந்த மாணவன் கேட்ட முதலாம் வினாவுக்கு எனக்குக் கிடைத்த விடை இதுதான்.

இனி வீழ்ச்சிக்கு வருவோம். மாகன் வருவதற்கு முன் நகரம் எப்படி இருந்தது? நிசங்கமல்லன் இறந்த 1196 முதல் 1215 வரையிலான பத்தொன்பது ஆண்டுகளில் அரசுகட்டில் பத்துக்கு மேற்பட்ட தடவை கைமாறிற்று. பராக்கிரமபாகுவின் விதவையாகிய லீலாவதி மும்முறை ஏற்றப்பட்டு மும்முறை இறக்கப்பட்டாள். மூன்று மாதக் குழந்தையொன்றை அரசனாக்கி அதன் பெயரால் ஒரு சேனாபதி ஆண்டான். ஒவ்வொரு சேனாபதியும் ஓர் அரசனைத் தேடிப்பிடித்தான். சிலர் அதற்காகச் சோழ நாட்டிலிருந்து படையும் வரவழைத்தனர். மாகன் உடைத்தது முழுமையான பாண்டத்தை அன்று; ஏற்கெனவே கீறல் விட்டிருந்ததை. அவனுடைய படையினர் கொள்ளையிட்டதும் கொடுமை செய்ததும் உண்மையே. ஆனால் அவனுக்குப் பின்பும் நகரம் ஒரேயடியாக மடியவில்லை. தம்பதெனியாவிலிருந்து ஆண்டோர் அதனைத் திருத்தி, அங்கே முடிசூட்டு விழாவும் நடத்தினர்; மூன்றாம் பராக்கிரமபாகு 13ஆம் நூற்றாண்டின் இறுதியில் அங்கிருந்தே ஆண்டான். அதன் பின்னரே காடு உள்ளே வந்தது.

இதனை விளக்குவதற்கு மாணாக்கரை மனத்தளவில் மத்திய ஆசியாவுக்கு அழைத்துச் சென்றேன். இமாம் புகாரி பிறந்த புகாராவை அவர்கள் அறிவார்கள். மாகன் பொலன்னறுவைக்குள் நுழைந்த ஐந்தாண்டுகளில், 1220இல், மொங்கோலியர் புகாராவையும் சமர்க்கந்தையும் வீழ்த்தினர். 1221இல் மெர்வ் நகரம் அவர்கள் கையில் அழிந்தது. அவையும் நீரால் வாழ்ந்த நகரங்கள். அஃப்ராசியாப் மேட்டிலிருந்த பழைய சமர்க்கந்துக்கு ஈயம் பதித்த கால்வாய் ஒன்று தண்ணீர் கொணர்ந்தது. அது அழிந்தபின் அம்மேடு வெறும் மண்மேடாயிற்று. மக்கள் தெற்கே வேறு நகரம் அமைத்தனர். மெர்வுக்கு முர்காப் ஆற்றின் அணையே உயிர். மொங்கோலியர் கையில் அது சிதைந்தது. ஆனால் 15ஆம் நூற்றாண்டின் தொடக்கத்திலே தைமூரின் மகன் ஷாருக் அணையைப் புதுப்பித்தபோது அங்கே நீரும் ஊரும் மீண்டன. 18ஆம் நூற்றாண்டின் இறுதியில் புகாரா அமீர் அதனைத் திரும்ப உடைத்தான். ஊர் மறுபடியும் தேய்ந்தது. அணையை உடைத்தவன் யார் என்பது பாதி வினா. உடைந்ததை மீளக் கட்ட முடியாமற்போனது ஏன் என்பதே மறுபாதி.

பொலன்னறுவை பற்றி இம்மறுபாதியை ஆராய்ந்தோர் பலர். றோட்ஸ் மர்பி 1957இலும், எட்மண்ட் லீச் 1959இலும் எழுதினர். 1971இல் பேராசிரியர் கா. இந்திரபாலா இவ்விவாதத்தை ஒரு நூலாகவே தொகுத்தார். ஆற்று நீரைப் பல காதம் கொண்டுவரும் பெருங் கால்வாய்க்கு அளவறிந்த அதிகாரிகளும், ஆண்டுதோறும் தூர்வாரும் ஆயிரங் கைகளும், அவர்களைக் கூட்டும் அதிகாரமும் வேண்டும். அந்த அதிகாரக் குலங்கள் போரிற் சிதறித் தென்மேற்கே ஒதுங்கியபின் பெருங்குளங்கள் அனாதையாயின. உடைந்த கரைகளிலே தேங்கிய நீரில் நுளம்பும் மலேரியாவும் பெருகின. உழவனுக்கோ, தன்னை வாட்டிய அரசின் பெருங்குளத்தைத் தானாக மீட்பதற்குப் பலமும் இல்லை. அதில் அவனுக்குப் பங்கும் இல்லை. அதே வேளையில் காட்டுக்குள் எஞ்சிய கிராமங்கள் தத்தம் சிறு குளங்களைத் தாமே காத்து வாழ்ந்தன. ஊரார் கூடி வெட்டி, ஊரார் கூடித் தூர்த்த குளம் அரசர் போன பின்பும் தண்ணீர் தந்தது. மக்களுடையதாக இருந்தது நிலைத்தது. மக்கள்மேல் நின்றது சாய்ந்தது. எட்டு நூற்றாண்டுக்குப் பின் நாம் கற்க வேண்டிய பாடம் இதைவிட வேறென்ன?

மாகனுக்கு இன்னொரு முகமும் உண்டு. அது எங்கள் கரையிலேயே இருக்கிறது. சூளவம்சத்தில் அவன் கொடியவன். 1962இல் எஃப். எக்ஸ். சி. நடராசா பதிப்பித்த மட்டக்களப்பு மான்மியத்திலோ அவன் மாகோன். கோயில்களுக்கு முறை வகுத்த நல்லரசன். கல்முனைக்குத் தெற்கே திருக்கோவில் வரையில் அவன் பெயர் மரியாதையோடு வழங்குகிறது. ஓர் அரசன், இரு முகம். இவற்றுள் எது மெய் என்று வழக்காடுவோர் ஒன்றைக் கவனிப்பதில்லை. விகாரையின் சொத்தை அவன் பறித்ததற்காக ஒரு நூல் ஏசுகிறது. கோயிலில் எச்சாதி எவ்வூழியஞ் செய்வது என்று வகுத்ததற்காக மற்றொரு நூல் ஏத்துகிறது. இரண்டு நூலிலும் பேசப்படாதவன் ஒருவனே: நெல் விளைவித்தவன்.

மாலையில் அணைக்கட்டின் கீழே மரநிழலில் உணவுப் பொதியை அவிழ்த்தோம். இடிபாடுகளிற் புல் வெட்டும் முதிய தொழிலாளி ஒருவர் அருகில் இளைப்பாறிக்கொண்டிருந்தார். எங்கிருந்து வருகிறீர்கள் என்று சிங்களத்திற் கேட்டார். கல்முனை என்றதும், “கல்லோயாத் தண்ணீர் இம்முறை கடைசி வயல் வரை வந்ததா?” என்பதே அவரது அடுத்த வினா. 1940களில், காடாகக் கிடந்த இக்குளத்தைத் திருத்தியபோது, காணியற்ற குடும்பமாகத் தம் தந்தை கேகாலைப் பக்கமிருந்து கொண்டுவந்து குடியேற்றப்பட்டதாகச் சொன்னார். எங்களுடன் வந்த வயற்காரனின் மகன் தனக்குத் தெரிந்த கொச்சைச் சிங்களத்தில் வட்டை விதானையைப் பற்றியும் வாய்க்காலில் இரவு முழுதும் காவல் நிற்கும் தன் வாப்பாவைப் பற்றியும் சொன்னான். இருவரும் தண்ணீர் முறை பற்றிப் பேசத் தொடங்கிவிட்டார்கள். கடைமடைக்காரனின் துயரம் இரு மொழியிலும் ஒன்றாகவே இருந்தது. அவர்கள் சுட்டிய சொல்லும் ஒன்றே. அவர் வெவ என்றார். இவன் வாவி என்றான். இரண்டும் வாபி என்ற ஒரே சொல்லின் பிள்ளைகள்.

அந்த வாபிதான் எங்கள் வயல்களுக்கு அருகிலுள்ள தீகவாபியின் பெயரிலும் இருக்கிறது. தீக வாபி என்றால் நீண்ட குளம். பழைய தூபியொன்று அங்கே உண்டு. 2004ஆம் ஆண்டுக் கடற்கோளில் எங்கள் கரையோர ஊர்கள் பிணக்காடாயின. வீடிழந்தோருக்காகச் சவூதி அரசின் உதவியுடன் அக்கரைப்பற்றுக்கு அருகே நுரைச்சோலையில் 500 வீடுகள் எழுந்தன. அவற்றை யாருக்குக் கொடுப்பது என்ற வழக்கு உயர் நீதிமன்றம் வரை சென்று 2009இல் தீர்ப்பாயிற்று. தீகவாபியின் புனித பூமிக்கு அவை அருகில் இருப்பதும் எழுந்த வாதங்களுள் ஒன்று. தீர்ப்பின் பின்னும் அவ்வீடுகள் ஆண்டுக்கணக்காக ஆளின்றிக் கிடந்து, கதவு நிலைகள் உளுத்து, சுவரிற் செடி முளைத்தன. ஆயிரம் ஆண்டு மனிதர் வாழ்ந்து கழித்த இடிபாடுகளைப் பார்க்கப் பொலன்னறுவைக்குச் செல்கிறோம். ஒரு குடும்பமும் ஒரு நாளும் அடுப்பு மூட்டாமலே இடிபாடாகிய வீடுகளைக் காண்பதற்கு நாங்கள் அவ்வளவு தூரம் போக வேண்டியதில்லை.

பழைய கல்லைக் காணி உறுதியாக எண்ணும் சரித்திரம் இதைத்தான் செய்யும். யார் முதலில் வந்தார் என்ற வினாவுக்குள் யார் உழைத்தார், யார் உண்டார் என்ற வினாவை அது புதைத்துவிடும். ஆசிரியர்களாகிய நமக்கு இதில் பங்கில்லை என்று கூற முடியாது. மூன்று வாக்கிய விடையை ஆண்டுதோறும் சரியெனக் குறியிட்டவர்கள் நாம்.

திரும்பும் வழியில் பொத்குல் விகாரையின் அருகே பாறையில் நிற்கும் உருவத்தைக் கண்டோம். அதனைப் பராக்கிரமபாகு என்பர் சிலர். முனிவர் என்பர் சிலர். கையில் ஏந்தியிருப்பது ஓலைச்சுவடி என்பது ஒரு கருத்து. அரச பாரத்தைக் குறிக்கும் நுகம் என்பது மற்றொன்று. எதுவென்று மாணாக்கரைக் கேட்டேன். பெரும்பாலோர் சுவடி என்றார்கள். வயற்காரனின் மகன் நெடுநேரம் பார்த்தான். “நுகமெண்டா அத அவர் கையில வெச்சிரிக்கார் சேர். தோளில வெச்சவன் வேற ஆள்” என்றான்.

அடுத்த தவணைப் பரீட்சையில் அதே வினா வந்தது. ‘நம்மட ஆக்கள்’ கட்டியது எது என்று கேட்ட பையனின் விடைத்தாளில் வழக்கமான மூன்று வாக்கியங்களுக்குக் கீழே நாலாவது ஒன்று இருந்தது: குளத்தைக் கட்டியவர்களுக்குக் குளத்திற் பங்கு இருக்கவில்லை, ஆகையால் அது உடைந்தபோது அவர்கள் திரும்பக் கட்டவில்லை. புள்ளித் திட்டத்தில் அவ்வாக்கியத்துக்கு இடமில்லை. நான் இடம் உண்டாக்கினேன். நம் வகுப்பறைகளில் இவ்வாறான நாலாம் வாக்கியத்துக்கு இடம் உண்டாக்குவது ஆசிரியத் தோழர் ஒவ்வொருவராலும் இயலும். அதற்குச் சுற்றறிக்கை எதுவும் வேண்டியதில்லை.